வெல்வெட் போர்த்திய கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில் புதுச்சேரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று தனித் தொழில் கிடையாது. டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்கள் தலையில்தான் அதுவும் வந்து விழுந்தது. கரண்டில் ஓடுகிற எதையும் நான் சரிசெய்துவிடுவேன் என்று ஊர் நம்பியது. நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் பிழைத்தேன்.

ஒரு நாள் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம், நேரில் முசே என்று கூப்பிடுவோம். ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, வியாபாரிகளுக்கும் வக்கீல்களுக்கும் கடிதம் அடித்துக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் நடத்தினார். அந்தக் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைந்து தானாகவே மறுபடி கிளம்புகிறதாம். அதுவரை அடித்ததெல்லாம் பாழ்.

"மிஷின்ல ஒண்ணும் இல்லப்பா. அடிக்கிற பொண்ணு கைதான் ஆவாத கை. காலைல நான் ஒக்காந்தா ஒண்ணும் ஆவறதில்ல, அவ ஒக்காந்தாதான் அணையுது. இந்த மாசத்தோட அவள நிறுத்திடப் போறேன். எதுக்கும் ஒருவாட்டி நீ வந்து பாத்துடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கைராசியப் பாக்க என்கிட்ட மீட்டர் இல்ல முசே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. முதலியார்பேட்டையில் வீடு, மூடிப்போன மில்லின் தொழிலாளி மகள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சூடான சட்டியைத் தொடுகிறவள் மாதிரி ஒவ்வொரு விசையையும் தொட்டுத் தொட்டு எடுத்தாள். முசே வெளியே போனதும் மெதுவாகச் சொன்னாள்.

"வேலை போனாக்கூடப் பரவாயில்லண்ணே, வேற தேடிக்கலாம். நானே வாய வச்சிகினு சும்மா இல்லாம வீட்டுல அழுது சொல்லித் தொலைச்சேன். எங்க அண்ணிக்குக் கொழந்த பொறந்திருக்குது. என் கையில குடுக்க மாட்றாங்க. அவங்களச் சொல்லி இன்னா? எனக்கே பயமா இருக்குது, தூக்கினா எதுனா ஆயிடுமோன்னு."

அடப்பாவிகளா! ஒரு டப்பா அணைவதற்கும் பச்சைக் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்? அவளிடம் கத்திப் பயனில்லை என்று வேலையைப் பார்த்தேன். பிளக்கைப் பார்த்தேன், எர்த்தைப் பார்த்தேன், பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறதா என்று பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. முசே உட்காருவது காலையில், அதுவும் கொஞ்ச நேரம். இவள் உட்காருவது நாள் முழுக்க. மறுநாள் காலையில் அவரிடம் சொன்னேன்: "இன்னிக்கி மத்தியானம் வரைக்கும் நீங்களே ஒக்காந்து அடிங்க. எழுந்துக்கக் கூடாது."

ராணுவத்தில் இருந்தவரிடம் கட்டளை மாதிரிச் சொன்னால் வேலை நடக்கும். விறைப்பாக உட்கார்ந்து ஒற்றை விரலால் அடித்துக்கொண்டே இருந்தார். மணி பன்னிரண்டு ஆகவில்லை, திரை சட்டென்று வெறுமையானது. அவர் கை அந்தரத்தில் நின்றது.

"அவ ரூமுக்குள்ள இருக்காளே!" என்றார்.

எனக்குச் சிரிப்பதா முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. சரி என்று அந்தப் பெண்ணை வெளியே வராந்தாவில் நிற்கவைத்தோம். காபி குடித்து முடிப்பதற்குள் மறுபடி அணைந்தது.

கம்ப்யூட்டருக்கு ஒரு போர்வை உண்டு. மாதா கோயில் சுரூபத்துக்குப் போடுவது மாதிரி சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் ஜரிகை. முன்பக்கம் மட்டும் திறப்பு. கடற்காற்றில் உப்புப் படிந்து மிஷின் துருப்பிடித்துவிடும் என்று முதுகுப் பக்கத்தை மூடித் தைக்கச் சொன்னவர் முசேதான். ஓடும்போதும் அதைக் கழற்றக் கூடாது என்பது அவர் உத்தரவு. அடியில் கைவிட்டேன். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டது போலிருந்தது.

பவர் சப்ளையைக் கழற்றினேன். அதன் ஃபேனில் சிவப்புப் பஞ்சு அடைத்துக்கிடந்தது. பெரிய கண்டன்சர் சுவிட்சை அணைத்த பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும், அஜாக்கிரதையாகத் தொட்டால் ஆளைத் தூக்கிப் போடும். ஒரு பல்பை வைத்து அந்தக் கரண்டை வடித்துவிட்டுப் பார்த்தேன். அதற்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்த சின்னக் கண்டன்சர்கள்தான் தலை உப்பியிருந்தன, ஒன்று வெடித்துப் பழுப்பாகக் கசிந்திருந்தது. குளிர்ந்திருக்கும்போது எப்படியோ தாக்குப்பிடித்து, சூடேறியதும் கைவிட்டிருக்கின்றன.

இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "மூச்சுவிட வழியில்லாம வெந்து போயிருக்குது முசே. கையெல்லாம் காரணமில்ல. இந்தப் போர்வைதான்."

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பாவமாக இருந்தது. அந்த மிஷினை அவர் ஒரு குறையும் இல்லாமல் வைத்துக்கொள்ளத்தான் நினைத்தார். வெல்வெட்டை அவரே எடுத்து மடித்து, பீரோவுக்குள் வைத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம், "மாசக் கடைசியோட நிறுத்தறேன்னு சொன்னத மறந்துடு. நீ எப்பவும்போல வா" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நானும் கிளறவில்லை.

கண்டன்சர்களை மாற்றிப் போட்டேன். சாயங்காலம் வரை அவள் அடித்தாள், ஒருமுறைகூட அணையவில்லை. கிளம்பும்போது உப்பிப்போன கண்டன்சர்களைக் கேட்டாள்.

"இத எதுக்கும்மா?"

"வீட்டுல காட்டணும்ணே."

"நீ காட்டினா நம்புவாங்களா? இரு, நானே வர்றேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். ஊர் வம்பு எனக்கு எதற்கு என்று அப்போது தோன்றவே இல்லை.

அவள் அண்ணி வாசலுக்கு வந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். நான் கண்டன்சரை நீட்டி, வெந்தது, வெடித்தது என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அவள் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"அப்ப மிஷினுக்குத்தான் ஒடம்பு சரியில்லயா?"

"ஆமாம்மா. மிஷினுக்குத்தான்."

அண்ணி திரும்பி நாத்தனார் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியது. குழந்தையை இரண்டு கையாலும் அவள் பக்கம் நீட்டினாள். இவள் சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

"கை கழுவிட்டு வர்றேன் அண்ணி" என்று குழாயடிக்கு ஓடினாள்.

சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடி போட்டாள். முழங்கை வரைக்கும் தேய்த்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் நிறுத்துகிற வழியாக இல்லை.

"போதும் வாடி, புள்ள அழுவுது" என்றாள் அண்ணி.