மைக்கக்காவின் பத்து நிமிடத் தாராளம்

அந்தப் பேருந்து நிலையத்தில் அவளுடைய முகம் யாருக்கும் தெரியாது. குரல் தெரியாதவர் கிடையாது. நடைமேடைகளுக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால் வரும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பத்தொன்பது வருடமாக அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளை மைக்கக்கா என்றார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த காவலாளிக்கும் அவள் மைக்கக்காதான்.

ஒருமுறை வங்கியில் கூட்டம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து, "கொஞ்சம் வரிசையில வாங்களேன்" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். முன்னால் நின்ற ஆறு பேர் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றுவிட்டார்கள். ஒருவர் எந்த நடைமேடை என்று வேறு கேட்டுவிட்டார். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் வரிசையில் ஆட்கள் கூடிக்கொண்டே போவார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தெட்டாவது வயதில், ஒரு காலை ஒன்பதே கால் மணிக்கு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கிய வாக்கியம் பாதியிலேயே குழைந்துபோயிற்று. கீழே நின்றவர்கள் ஒலிபெருக்கியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். காவலாளிக்கு மட்டும் என்னவோ பட்டது. படியேறி ஓடினார். மைக்கக்கா நாற்காலியிலிருந்து வலப்பக்கம் சரிந்து கிடந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. காவலாளி அன்றைக்கு ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மருத்துவமனையில் மூன்று வாரம். அதற்குப் பிறகு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம். "மறுவாழ்வு மையத்துல இருக்காங்க" என்று கணவர் சொன்னதைக் கேட்ட மாடிவீட்டு அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, அவங்க குடிப்பாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதே!" என்றாள். அவர் விளக்கிச் சொல்லச் சொல்ல, மூடி மறைக்கிறார் என்றுதான் அந்த அம்மா நம்பினாள்.

கை கால் திரும்பி வந்தன. வலக்கால் மட்டும் களைத்தால் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். பேச்சும் வந்தது, ஆனால் சொற்கள் ஒன்றின் சட்டையை இன்னொன்று மாட்டிக்கொண்டு வந்தன. சீப்பு என்று நினைத்தால் சோப்பு என்று வரும். மருமகன் என்று நினைத்தால் மருந்து என்று வரும். "மருந்து எப்போ ஊர்ல இருந்து வருது?" என்று அவள் கேட்க, கணவர் மருந்துக்கடைக்குக் கிளம்பிவிட்ட நாளும் உண்டு. சொல்லும்போதே அது தப்பு என்று அவளுக்கே தெரியும். அதுதான் கொடுமை. அதனால் பேசுவதையே விட்டுவிட்டாள்.

மையத்திலிருந்து அனுப்பும்போது ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு ஆறு மாதம் ஆன்லைனில் துணை. புதன்கிழமைதோறும் நாலு மணிக்கு ஒரு மணி நேரம், வீட்டிலிருந்தபடியே, ஓர் ஆலோசகரோடும் இன்னும் இரண்டு பேரோடும். நடுவில் சந்தேகம் வந்தால் குழுவில் செய்தி போடலாம். கணவர் கடையிலிருந்து கண்ணாடி மாட்டி வைக்கும் தாங்கி ஒன்றைக் கொண்டுவந்து, அதில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்துக் கொடுத்தார்.

முதல் புதன்கிழமை ஆலோசகர் சிரித்த முகத்தோடு, "அக்கா, உங்க மைக் ஆஃப்ல இருக்கு" என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் யாரும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. மைக்கக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கு முழுவதும் மைக்கைத் திறக்கவே இல்லை. அடுத்த வாரமும் அப்படியே. மற்ற இருவர் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் லாரிக்காரர், விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய், செயற்கைக் கால் வைத்தவர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். இன்னொருத்தி நீச்சல் டீச்சர். தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை. முப்பது வயதுகூட இருக்காது.

மூன்றாவது புதன் அன்று லாரிக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, சாப்பிட்ட தட்டு மேசையில் அப்படியே கிடப்பதை மைக்கக்கா பார்த்தாள். மைக் மூடியிருக்கிறது என்ற தைரியத்தில் கணவரிடம் திரும்பிக் கத்தினாள்.

"என்னங்க! அந்தத் தாத்தாவை எடுத்துக் கழுவிக் கவுத்து வைங்க!"

மைக் திறந்திருந்தது.

லாரிக்காரர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார். "எந்தத் தாத்தாவைம்மா?"

நீச்சல் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆலோசகர் முகத்தை இறுக்கிவைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. மைக்கக்காவுக்கு முதலில் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்புறம் தட்டைப் பார்த்தாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு விழித்து நின்ற கணவரைப் பார்த்தாள். வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ புறப்பட்டு வந்தது. நாலரை மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. கண்ணில் நீர் வழிய, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "தட்டு! தட்டுண்ணே, தட்டு!" என்று மூச்சு வாங்கினாள். லாரிக்காரர், "பாவம்மா அந்த மனுஷன், காயட்டும், துடைச்சு உள்ள வைங்க" என்றார். அன்றைக்கு மிச்சமிருந்த நாற்பது நிமிடமும் வீணாய்ப் போயிற்று. ஆலோசகர் மட்டும் வீணில்லை என்றாள்.

அதற்குப் பிறகு மைக்கக்காவைப் பிடிக்க ஆளில்லை. செய்திக் குழுவில் காலையில் எழுந்ததும் முந்தின நாள் உளறல்களைப் பதிவு செய்து அனுப்புவாள். லாரிக்காரர் தரம் பிரித்துப் பரிசு அறிவிப்பார்.

ஆனால் ஆலோசகர் சிரிப்போடு விட்டுவிடவில்லை. "அக்கா, வேலைக்குத் திரும்புறதுன்னா ஒரே தாவா தாவணும்னு இல்ல. உங்க வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சு எழுதிக்கிட்டு வாங்க. எது வருது, எது மக்கர் பண்ணுதுன்னு பார்ப்போம்" என்றாள். பிரித்துப் பார்த்ததில் ஒரு சங்கதி தெரிந்தது. எழுதி வைத்ததைப் பார்த்துப் படித்தால் பத்துக்கு ஒன்பது சரியாக வருகிறது. திடீரென்று மனசிலிருந்து சொல்லும்போதுதான் வழுக்குகிறது. எண்கள் கொஞ்சம் மோசம். சரி, எல்லா அறிவிப்பையும் பெரிய எழுத்தில் அட்டைகளில் எழுதி வைத்துக்கொள்வது. வழுக்கினால் பதறாமல் "திருத்தம்" என்று சொல்லிவிட்டு மறுபடி சொல்வது. அந்த ஒரு சொல்லை மட்டும் ஒரு மாதம் பழகினாள். குளிக்கும்போது திருத்தம், துணி காயப்போடும்போது திருத்தம். மாடிவீட்டு அம்மாவுக்கு அவள் திருந்திவிட்டாள் என்று பரம திருப்தி.

அடுத்தது நிலைய மேலாளரிடம் பேசும் ஒத்திகை. லாரிக்காரர் மேலாளராக நடிக்கிறேன் என்று தானே முன்வந்தார். சட்டைக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு, மீசையை நீவிக்கொண்டு, திரையில் வந்து உட்கார்ந்தார்.

"எதுக்கும்மா உங்களுக்கு இந்தச் சிரமம்? வீட்ல நிம்மதியா ஓய்வெடுங்க. இப்போதான் பதிவு பண்ணின குரல் ஒண்ணு போட்டிருக்கோமே. அது லீவும் கேக்காது, டீயும் கேக்காது."

நடிப்புதான். ஆனாலும் மைக்கக்காவுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "அந்தத் தகர டப்பாவா?" என்று ஆரம்பித்தாள். மழையில் வண்டி மாறி வந்த நாளன்று நானூறு பேரை மிதிபடாமல் நடைமேடை மாற்றியது யார், தொலைந்த குழந்தையின் அம்மாவை மூன்று நிமிடத்தில் வரவழைத்தது யார், டப்பாவா? மூன்று நிமிடம் விடாமல் பேசினாள். கணவர் கடையிலிருந்து டீ குடிக்க வந்தவர், யாரோ வீடேறி வந்து சண்டை போடுகிறார்கள் என்று குடையோடு உள்ளே ஓடிவந்தார். அவரைக் கண்டதும்தான் அவள் நிறுத்தினாள்.

ஆலோசகர் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, ஒரு சொல்கூடத் தப்பா வரலை. கவனிச்சீங்களா?"

லாரிக்காரர் கோட்டைக் கழற்றிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நானா இருந்தா சம்பளத்தையும் ஏத்திக் குடுத்திருப்பேன்மா."

நிஜ மேலாளர் அப்படியெல்லாம் இல்லை. அவர்தான் அதிகம் பயந்துபோயிருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார், தண்ணீர் வைத்தார், அவள் உட்காரும்வரை தானும் உட்காரவில்லை. அவருடைய கணினியில் ஆலோசகரும் சேர்ந்துகொண்டாள். இரண்டு நிமிடத்தில் இணைப்பு அறுந்து, கண்ணை மூடி வாயைத் திறந்த நிலையில் திரையில் உறைந்துவிட்டாள். மேலாளர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு சங்கடப்பட்டார். பிறகு உண்மையாகவே கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நம்பரை மாத்திச் சொல்லி, வயசானவங்க யாராவது வேற வண்டியில ஏறிட்டா?"

மைக்கக்கா அட்டைகளை மேசையில் வைத்தாள். நியாயமான கேள்வி என்றாள். வண்டி எண் மின்பலகையில் ஓடும், தான் அதைப் பார்த்துத்தான் படிப்பாள். பக்கத்தில் முதல் மாதம் ஓர் ஆள் இருக்கட்டும். தினம் இரண்டு மணி நேரம் மட்டும். தப்பு வந்தால் அந்த நொடியே திருத்தம். இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வழக்கத்தைவிட இரு மடங்கு நேரமாயிற்று. இரண்டு இடத்தில் நின்று, சொல்லைத் தேடி எடுத்தாள். மேலாளர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்துடுறீங்களா?" என்றார். சரியாக அந்த நேரம் பார்த்து ஆலோசகர் உயிர்பெற்று, "ஆகவே, நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்றாள்.

திங்கட்கிழமை கணவர் கடையைப் பூட்டிவிட்டு ஆறாம் நடைமேடையில் நின்றார். கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஒலிபெருக்கிக்கு நேராகக் கைப்பேசியைப் பிடித்திருந்தார். கைப்பேசிக்குள் லாரிக்காரர், நீச்சல் டீச்சர், ஆலோசகர் மூவரும். போகிற வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மேலே மைக்கக்கா மைக் பொத்தானை அழுத்தினாள். அட்டையைப் பார்த்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

அப்படியே, பழைய குரல். கீழே டீ குடித்துக்கொண்டிருந்த நடத்துநர் ஒருவர் கோப்பையை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"துறைமுகம் செல்லும் பதினான்காம் எண் பேருந்து, பத்து நிமிடம் தாராளமாக வந்துசேரும்."

நிலையம் ஒரு நொடி யோசித்தது. கணவரின் கைப்பேசிக்குள்ளிருந்து லாரிக்காரரின், "ஆகா!" என்ற சத்தம் நடைமேடை முழுக்கக் கேட்டது. மைக்கக்காவுக்குக் காது மடல் சுட்டது. சிரிப்பு தொண்டைவரை வந்து முட்டிக்கொண்டு நின்றது. அதை விழுங்கினாள்.

"திருத்தம். தாமதமாக."

ஒன்பது நிமிடம் கழித்துப் பதினான்காம் எண் உள்ளே வந்தது. அதற்குள் செய்தி எப்படியோ ஓட்டுநருக்கு எட்டிவிட்டது. அவர் கீழே குதித்து, கண்ணாடி அறையைப் பார்த்துக் கைகளைக் குவித்துக் கத்தினார். "மைக்கக்கா! ஒன்பதுதான் ஆச்சு! ஒரு நிமிஷம் கஞ்சத்தனம் பண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்க!"

அவ்வளவுதான். கண்ணாடிக்குப் பின்னால் மைக்கக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினாள். பக்கத்தில் உட்கார வைத்திருந்த பெண், இவளுக்கு மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எழுந்தாள். மைக்கக்கா கையை ஆட்டி ஒன்றுமில்லை என்று காட்டி, அடுத்த அட்டையை எடுத்தாள். அன்றைக்கு இருபத்திரண்டு அறிவிப்பு, மூன்று திருத்தம். தப்பான வண்டியில் ஒருவரும் ஏறவில்லை.

இப்போது அவள் ஆறு மணி நேரம் வேலை பார்க்கிறாள். எட்டு மணி நேரம் முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள். மூன்று மணிக்கு மேல் சொற்கள் களைத்துப்போகின்றன, அந்த நேரத்தைத் தகர டப்பா பார்த்துக்கொள்கிறது. ஓட்டுநர்கள் ஒருவரையொருவர், "இன்னைக்கு எவ்வளவு தாராளம்?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். லாரிக்காரர் வண்டிகளை அனுப்பும் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டார். நீச்சல் டீச்சர் மறுபடி குளத்தில் இறங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

அந்த முதல் திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு இறங்கி, வீட்டுக்கு வந்து, கட்டிலில் அப்படியே விழுந்தவள்தான், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கணவர் கழற்றி வைத்தார். மறுநாள் காலையில் அவர் அவளை எழுப்பி, மணி எட்டு என்றார்.

"என்னங்க, இன்னைக்கும் போகணுமா?"

"வேலைன்னா தினமும்தாம்மா."

"அட ஆமா!" என்று அவள் எழுந்து உட்கார்ந்தாள். வாய் நிறையச் சிரிப்போடு, "என் சோப்பு எங்க? தலை வாரணும்" என்றாள். அவர் சீப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்.