மடியைப் பிடித்த வேணுகோபால்

வேணுகோபால் அண்ணாச்சியை நான் முதன்முதலில் பார்த்தபோது வேம்பார் கடற்கரையில் நின்று வசவு வாங்கிக்கொண்டிருந்தார். வைதவர் சவரிமுத்து, என் கல்லூரித் தோழன் மணிராஜின் அப்பா. சொந்தமாகச் சின்ன வள்ளம் வைத்து மீன் பிடிப்பவர். கோடை விடுமுறைக்கு அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன்.

மணலில் காயப்போட்ட வலைக்குள் ஆடுகள் இறங்கி, குளம்பு மாட்டி, மிரண்டு, வலையைக் கிழித்துவிட்டன.

"ஆடு மேய்க்க என் வலைதான் கெடச்சுதாவே உமக்கு?"

"தண்ணியப் பாத்துட்டு ஓடி வந்துட்டு அண்ணாச்சி. உப்புத் தண்ணின்னு அதுக்குத் தெரியுமா?"

"சாயங்காலத்துக்குள்ள ஆட்டுக் கிடையக் கெளப்பிட்டு ஊர் போய்ச் சேரும்."

வேணுகோபால் அண்ணாச்சியின் முகம் செத்துப்போனது. அவர் ஊர் எட்டயபுரத்துக்குப் பக்கம். சித்திரையில் அங்கே கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. வேம்பார் பனங்காட்டில் நல்ல தண்ணீர் ஊற்று இருப்பதால்தான் ஆடுகளை நடத்தியே கூட்டி வந்திருந்தார். பாதி சினையாடுகள். இந்த வெயிலில் திருப்பி நடத்தினால் எத்தனை ஆடு உயிரோடு ஊர் போய்ச் சேரும்?

எனக்கும் அந்தப் பக்கம்தான் என்றேன்.

"நம்ம பக்கத்துப் பிள்ளையா! என்னய்யா படிக்குத?"

"எம்.எஸ்சி. எங்க குடும்பத்துல நான்தான் முதல் டிகிரி."

அத்தனை இக்கட்டிலும் வாய் நிறையச் சிரித்தார். "நல்லா இருய்யா, நல்லா இரு." பிறகு சவரிமுத்து பக்கம் திரும்பினார். "கிழிஞ்ச வலையத் தச்சு முடியுத வரைக்கும் உங்க வள்ளத்துல வேலை செய்யுதேன் அண்ணாச்சி. ஆட்ட மட்டும் தண்ணிய விட்டு வெரட்டிராதீங்க."

"கடல்ல எறங்கியிருக்கீரா?"

"கம்மாயில எறங்கியிருக்கேன்."

மணிராஜ் சிரித்துவிட்டான். அவன் அப்பா சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒரு நாள் வாரும். பாத்துட்டுச் சொல்லுதேன்."

மறுநாள் ஆடுகளை மனைவி முத்துத்தாயிடம் விட்டுவிட்டு வள்ளத்தில் ஏறினார். மணிராஜும் நானும் கூடப் போனோம். கரை மறைவதற்குள் நான் வாந்தி எடுக்க, அண்ணாச்சி ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டார். மறு கை வள்ளத்தின் விளிம்பை விடவில்லை.

வலையை இழுத்தார்கள். கனம் தெரிந்ததும் சவரிமுத்து கத்தினார்: "மடியப் பிடியும்வே! விட்டுராதேயும்! மடி, மடி!"

வலையில் மீன் வந்து சேரும் பைக்கு அங்கே மடி என்று பெயர். எங்கள் பக்கம் மடி என்றால் இடுப்பு வேட்டி மடிப்பு. அண்ணாச்சி கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் தன் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். பை சரிந்து பாதி மீன் கடலுக்குப் போனது. அப்போதும் அவர் கையை எடுக்கவில்லை.

"பிடிச்சிருக்கேன் அண்ணாச்சி! கெட்டியாத்தான் பிடிச்சிருக்கேன்!"

ஆடுகளின் கதை முடிந்தது என்று நினைத்தேன். சவரிமுத்து அவர் கையைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்து இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். "ஏலே மணி, நடுக்கடல்ல இவரு வேட்டிய எவன்லே உருவுதான்?"

விஷயம் விளங்கியதும் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "ஆட்டு மடின்னு சொல்லியிருந்தாக்கூட பக்குவமாப் பிடிச்சிருப்பேன்."

அடுத்த இழுப்பில் சரியான மடியைப் பிடித்தார். கயிறு உள்ளங்கையை அறுத்தது; விடவில்லை. சாளையும் காரலுமாக மீன்கள் வள்ளத்துக்குள் வந்து விழுந்தன.

கரையேறியதும் சவரிமுத்து ஒரு பனையோலைப் பட்டை நிறைய மீனை அள்ளி அவரிடம் நீட்டினார். "வீட்டம்மாட்ட குழம்பு வைக்கச் சொல்லும். கிடை அங்கனயே கெடக்கட்டும். உங்க ஊர்ல மழை விழுந்த பொறவு போனாப் போதும்."

அண்ணாச்சி மீனை வாங்கிக்கொண்டு பனங்காட்டைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்.

முதல் பட்டதாரி என்று ஊரில் பலர் என்னை மெச்சியிருக்கிறார்கள். தன் ஆடுகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போகவிருந்த நேரத்திலும் எனக்காகச் சந்தோஷப்பட்டவர் இவர்தான். அதை நான் மறக்கமாட்டேன்.

வேணுகோபால் அண்ணாச்சி இப்போதும் எட்டயபுரம் பக்கத்துத் தன் ஊரில்தான் இருக்கிறார். ஆடுகளோடு மானாவாரியாக உளுந்தும் போடுகிறார். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் முத்துத்தாயோடும் கிடையோடும் வேம்பார் பனங்காட்டில் இருப்பார்.