பனிமேல் தூவிய மண்

சான்ஸ்கார் பனிமலைப் பள்ளத்தாக்கில் மழையை நம்பி யாரும் ஏர் பூட்டுவதில்லை. மலையில் பனி உருகினால்தான் ஓடை, ஓடை வந்தால்தான் பார்லி. அந்தத் தண்ணீரை வயல் வயலாகப் பங்கு வைக்கும் பொறுப்பு வருஷத்துக்கு ஒரு வீடாகச் சுற்றிவரும். அந்த வருஷம் பல்மோவின் வீட்டுக்கு வந்தது. கணவன் போய்ச் சேர்ந்த வீடு. ஒரு பொம்பளை எப்படி மடை காப்பாள் என்று ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது.

பொல்லாத வருஷம் அது. விதைப்பு நெருங்கியும் பனி கல்லாகக் கிடந்தது. இன்னும் தள்ளிப்போனால் கதிர் முற்றுமுன் அடுத்த குளிர் வந்துவிடும், ஊரே மாவுக்குக் கையேந்த வேண்டியதுதான். பல்மோ, வீட்டுக்கு ஓர் ஆளாகத் திரட்டி, கூடை கூடையாகக் கறுப்பு மண்ணைச் சுமக்கவைத்து மேலே அழைத்துப்போனாள். மண் வெயிலைப் பிடிக்கும், பனி சீக்கிரம் இளகும்.

ஆனால் சல்லடையில் சலித்ததுபோல் மெல்லிசாகத் தூவ வேண்டும். அவளுடைய கொழுந்தன் மொருப் கூடையைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு இறங்கினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். அடுத்த சரிவில் தூவிக்கொண்டிருந்த பல்மோ அதைக் கவனிக்கவில்லை.

நாட்கள் போயும் ஓடை வரவில்லை. மொருப் நின்ற சரிவில் ஏறிப் பார்த்தாள். மண் குவியலுக்கு அடியில் பனி, கம்பளி போர்த்தித் தூங்குவதுபோல் சுகமாகக் கிடந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மொருப்பின் வீட்டுக்குப் போய், குவியலைக் கலைக்க ஆட்களோடு வரச் சொன்னாள். அவன் உப்புத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"மடையக் காக்கச் சொன்னா மலையப் பெருக்கப் போறீங்களா அண்ணி?"

"பெருக்கத்தான் போறேன்."

தினமும் ஏறினாள். குவியலைச் சுரண்டி, வெறும் பனிமேல் பிடி பிடியாக வீசினாள். கூப்பிட்டும் ஒருவர் வரவில்லை. விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்தது. மொருப்பை வாய் ஓயாமல் திட்டினாள், ஆனால் கையை நிறுத்தவில்லை.

ஒரு நாள் பிற்பகல் ஓடை கலங்கலாக இறங்கி வந்தது. ஊரார் குலுக்கிப் போட்ட சீட்டுப்படி தண்ணீரின் முதல் முறை மொருப்புக்கு. மடை காப்பவளின் வயலுக்கு எப்போதும் கடைசி. அவன் கிடக்கட்டும், உன் வயலைத் திற என்றார்கள் ஊர்ப் பெண்கள். அவளுக்கும் ஆசைதான். பல்லைக் கடித்துக்கொண்டு மொருப்பின் வாய்க்காலைத் திறந்துவிட்டு அவனுக்கு ஆளனுப்பினாள்.

வந்த மொருப் அவள் கைகளைப் பார்த்தான்.

"அண்ணி, மொதல்ல உங்க வயலுக்கு விடுங்க."

"ஒன் முறைடா. பேசிட்டு நிக்காத, தண்ணி வீணாப் போவுது."