சாரத்துக்கு அடிப்பலகை

ஹைதராபாத் உப்பலில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் குடியிருப்புக்கு வெளிப்பூச்சு ஆரம்பிக்க வேண்டிய நாள் அது. பூச்சுக்கு முன்னால் சாரம் கட்ட வேண்டும். சாரம் கட்டுவதற்கு முன்னால், அது நிற்கப்போகிற தரையை நான் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அந்த சைட்டில் சேஃப்டி என் பொறுப்பு. எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், அந்த மாதிரிப் பொறுப்பு.

பின்பக்கச் சுவரோரம் இருந்தது கழிவுநீர்க் குழாய் பதித்து மூடிய மண். இன்னும் இறுகவில்லை. சாரத்தின் இரும்புக் குழாய்களை அப்படியே ஊன்றினால் ஒரு பக்கம் இறங்கிவிடும், மொத்தச் சாரமும் சாயும். அதனால் அடியில் நீளவாக்கில் தடித்த பலகை போட வேண்டும் என்று முதல் நாளே சொல்லி, கூடவே நின்று போட வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் ஒரு பலகைகூட இல்லை. அந்த இடத்தில் உடைந்த செங்கல்லை அடுக்கி, அதன்மேல் குழாயை நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள்! ராத்திரி மழை வேறு. குடையைத் தரையில் ஊன்றினேன், களியில் விரல் இறங்குகிற மாதிரி இறங்கியது.

"மேஸ்திரி, பலகை எங்கே?"

சாரம் கட்டுகிற மேஸ்திரி ஸ்ரீகாகுளத்துக்காரர். நாங்கள் பேசிக்கொள்வது தெலுங்கில்தான். அவர் கொஞ்சமும் கூசாமல் பக்கத்துத் தெருவைக் காட்டினார். அங்கே விநாயகர் சதுர்த்திப் பந்தல். மழையில் மேடை அமுங்குகிறது என்று கமிட்டிக்காரர்கள் வந்து கேட்டார்களாம். இவரே தோளில் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அட மனுஷா! பிள்ளையார் அமுங்கக் கூடாது, நீ மட்டும் அமுங்கலாமா?

"சாமியை உட்கார வெச்சாச்சு மேடம். கரைக்கிற வரைக்கும் அசைக்கக் கூடாது. அவருக்குப் பலகை கொடுத்த என்னைக் கீழே விட்டுடுவாரா?" என்றார்.

முதலில் மேலே ஏறப்போவது அவர்தான். பந்தலுக்கே போய்க் கேட்டேன். பிரசாதம் கொடுத்தார்கள். பலகை கொடுக்கவில்லை.

சைட் இன்ஜினியர் என்னைவிட இளையவன், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழன். தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டித்தான் பேசுவான். 'கைக்கு' என்றால் எதுக்கு, 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம்; அந்த ஊர் இந்தி அப்படி.

"அக்கா, கைக்கு டென்ஷன்? ஒரு நாள் மேட்டர். செங்கல் தாங்கும், ஹவ், நான் சொல்றேன்ல."

"தாங்கலேன்னா? அந்த ஆளு மேலேருந்து விழுந்தா நீ வந்து பிடிப்பியாடா?"

"ச்சே, வாயில நல்ல வார்த்தையே வராதா அக்கா? பலகை பாலாநகர்லேருந்து வரணும். இன்னிக்கு நக்கோ. பூச்சு ஆளுங்கெல்லாம் வந்து உட்கார்ந்திருக்காங்க பாருங்க."

நான் சொல்லாதது எதுவும் பாக்கி இல்லை. மண்ணைத் தோண்டிக் காட்டினேன். அந்த மனுஷனுக்குப் பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றேன். மேலாளருக்கு போன் போட்டேன். "நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க" என்று வைத்துவிட்டார். கெஞ்சினேன், கத்தினேன். தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

அதற்குள் மேஸ்திரி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு முதல் குறுக்குக் குழாயில் கால் வைத்துவிட்டார். அடியில் செங்கல் படக்கென்று இரண்டாகப் பிளந்து, குழாய் சாய்ந்தது. நல்லவேளை, முழங்கால் உயரம்தான். கீழே குதித்தவர், சிரித்துக்கொண்டே இன்னொரு செங்கல்லைத் தேடப் போனார். சிரிப்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுற்றிலும் பார்த்தேன். வாட்ச்மேன் கொட்டகையில், முதலாளி தன் சொந்த வீட்டுக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கிய தேக்கு வாசக்கால் கட்டைகளை, பிளாஸ்டிக் தாள் சுற்றி, சீராட்டி வைத்திருந்தார்கள். போய்த் தாளைக் கிழித்தேன்.

"மேஸ்திரி, இதைத் தூக்கிட்டு வாங்க. சேத்துல போட்டு இது மேல ஊன்றலாம்."

இன்ஜினியர் ஓடி வந்தான். அவன் அப்படி ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை.

"அக்கா! நக்கோ நக்கோ! தேக்கு அது! ஈரம் பட்டா போச்சு! சார் என்னைக் கொன்னே போட்டுடுவார்!"

பேசும்போதே போனைக் காதில் வைத்துவிட்டான். டீ வந்து, எல்லாரும் குடித்து முடிப்பதற்குள், ஹப்சிகுடாவில் இருக்கிற எங்கள் இன்னொரு சைட்டிலிருந்து ஒரு டிராலி ஆட்டோ நிறையப் பலகை வந்து இறங்கியது. அங்கே சும்மாதான் கிடந்ததாம். சும்மா!

"இப்போ சந்தோஷமா அக்கா?" என்று கேட்டான். சந்தோஷமாவது மண்ணாவது. ஓங்கி ஓர் அறை விடலாமா என்றிருந்தது. அழுகையும் வந்தது.

மேஸ்திரி செங்கற்களைப் பிடுங்கி எறிந்தார். பலகை போட்டு, அதன்மேல் இரும்புத் தகடு வைத்து ஆணி அடித்து, குழாயை நிறுத்தி இரண்டு கையாலும் உலுக்கினார். அசையவில்லை. நானும் உலுக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். நாங்கள் தமிழில் போட்ட சண்டை அவருக்குப் புரிந்திருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். பெல்ட் கொக்கியைச் சரிபார்த்தபடி, கோபமே இல்லாமல், ஏதோ வேலை நுணுக்கம் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார்:

"காலையிலேயே அந்தத் தேக்குமேல கை வெச்சிருக்கலாமே மேடம். எதுக்கு இவ்வளவு நேரம் என் உயிரைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க?"

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஏறிப் போனார்.