கிருமியைக் கேட்டால் உப்பைச் சொல்கிறார்கள்

மழைக்காலம் முடிகிற சமயத்தில் என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருக்க, மூன்று வாரம் படுக்கையில் கிடந்தாள். தேறி எழுந்த பிறகு டாக்டர் சொன்னது இரண்டே விஷயம்: சுத்தமான தண்ணீர் கொடுங்கள், நிறையக் கொடுங்கள். கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

நான் எதையும் வரிசையாகச் செய்கிறவள். முதலில் வாசல்பக்கம் தரைக்கடியில் இருக்கும் தொட்டியைத் திறந்து பார்த்தேன். மூடியின் ஓரம் விரிந்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிய தடம் தெரிந்தது. தொட்டியை இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மூடியை மாற்றினேன். பிறகு ஆய்வகத்தில் கிடைக்கும் சோதனைப் புட்டி ஒன்றை வாங்கிவந்து சமையலறைக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தேன். கெட்ட கிருமி இருந்தால் புட்டிக்குள் தண்ணீர் கறுத்துவிடும். மறுநாள் பார்த்தால் மை மாதிரி கறுத்திருந்தது. மேல்தொட்டியா, சுவருக்குள் போகும் பழைய குழாயா, எங்கே கலக்கிறது என்று தெரியவில்லை.

அது தெரிகிறவரைக்கும் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். அவள் மூக்கைச் சுளித்தாள். "அடுப்பு வாடை அடிக்குதும்மா." ஆறவைத்துக் கொடுத்தால், "இப்ப ஆறிப்போன அடுப்பு வாடை" என்றாள். அதனால்தான் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் வாங்கப் போனேன்.

எங்கள் பக்கம் கடல் கிட்டே இருப்பதால் எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். போர் தண்ணீர் கரிக்கும். துணிக்கும் பாத்திரத்துக்கும் அது. குழாயில் வருவது நல்ல தண்ணி. நல்ல தண்ணி என்றால் உப்பில்லாத தண்ணி, அவ்வளவுதான். அதில் கிருமி உண்டா இல்லையா என்பது அந்தச் சொல்லுக்குள் கிடையாது. இத்தனை வருஷம் நானும் அந்தச் சொல்லை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தவள்தான். கடைக்காரரிடம் பேசும்போதுதான் அது எவ்வளவு பெரிய தொல்லை என்று புரிந்தது.

"இதுல கிருமி போகுமா?" என்று கேட்டேன்.

"உப்பே இருக்காதுக்கா. ஒரு பொட்டு இருக்காது."

"எங்களுக்கு வர்றது நல்ல தண்ணிங்க. உப்பு இல்ல. கிருமிதான் இருக்கு."

"நல்ல தண்ணியா? அப்ப எதுக்குக்கா பயப்படுறீங்க?"

"பொண்ணுக்கு மஞ்சக்காமாலை வந்துருச்சு."

"அதான்கா சொல்றேன், உப்ப எடுத்துட்டா ஒண்ணுமே வராது."

பையிலிருந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்து, கடையில் வைத்திருந்த தண்ணீரில் முக்கி எண்ணைக் காட்டினார். அந்த எண் உப்பின் அளவு. கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னதை, இந்த அக்கா பாவம், விவரம் தெரியாதவங்க என்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு கடைகளில் ஏறி இறங்கினேன். அங்கேயும் அதே பேனா, உப்பை எடுக்கும் அதே ஆர்.ஓ. மெஷின்.

சார்ஜாவிலிருக்கும் என் கணவரிடம் சொன்னால் அவரும் அதையே சொன்னார். "நம்மூரு உப்புத் தண்ணி ஊரு. பேசாம ஆர்.ஓ. வாங்கிரு."

"நாம குடிக்கிறது உப்புத் தண்ணியா? நீங்க லீவுல வந்தா குடிக்கிறது எந்தத் தண்ணி?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இங்க ரூம்ல எல்லாரு வீட்டுலயும் ஆர்.ஓ.தான்."

அந்த ரூமில் உள்ளவர்களையெல்லாம் ஒன்றாக நிற்கவைத்து, யார் வீட்டில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்கவேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

முதல் கடைக்காரர் வீட்டுக்கே வந்து செய்துகாட்டுகிறேன் என்று வந்தார். ஒரு டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தார். எங்கள் தண்ணீர் சிறிது நேரத்தில் செங்கல் நிறத்துக்கு மாறி, மேலே கசடு மிதந்தது. அவர் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"பாத்துக்குங்கக்கா. இதத்தான் இவ்வளவு நாளாக் குடிச்சிருக்கீங்க."

சோபாவில் போர்த்திக்கொண்டு படுத்திருந்த என் மகள் தலையைத் தூக்கினாள். "அங்கிள், உங்க டம்ளர்ல ஒரு சிட்டிகை உப்பு போட்டுட்டுத் திரும்ப வைங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா?"

நான் உப்பு டப்பாவை எடுத்துவந்து போட்டேன். அவருடைய தண்ணீரும் செங்கல் நிறமானது.

"அது அழுக்கு இல்லம்மா, கம்பியோட துரு," என்றாள் மகள். "உப்பு இருந்தாத்தான் கரண்ட் போகும். நாக்குக்குத் தெரியாத அளவு நம்ம நல்ல தண்ணியிலயும் இருக்கும். எங்களுக்குப் பாடமே இருக்கு."

அவர் கம்பிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, "பாப்பா நல்ல மார்க் எடுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காமாலை வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

எனக்கு அதற்குமேல் சந்தேகமில்லை. உப்பை எடுக்கத் தேவையில்லாதபோது, குடிக்கக் கொடுக்கிற தண்ணீரைவிட அதிகமாகச் சாக்கடைக்கு விடும் ஆர்.ஓ. மெஷின் எதற்கு? புற ஊதா விளக்கில் கிருமியைக் கொல்லும் யு.வி. மெஷினைக் கேட்டேன். அதே கடைக்காரர் மனசில்லாமல் வரவழைத்துக் கொடுத்தார். மாட்டியதும் இன்னொரு சோதனைப் புட்டியில் தண்ணீர் பிடித்து வைத்தேன். இரண்டு நாள் வைத்தும் கறுக்கவில்லை. புட்டியை அவள் முன்னால் ஆட்டிக்காட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினேன்.

ஒரு வாய் குடித்தாள். நடுவீட்டுத் தொட்டிமுற்றத்துக்கு ஓடித் துப்பினாள்.

"அதே தண்ணிம்மா."

"எப்படி அதே தண்ணியாகும்? கறுக்கல பாரு."

"ருசி அதே ருசி. வாந்தி எடுத்தப்பல்லாம் வாயில இருந்துச்சே, அது."

உண்மைதான். யு.வி. கிருமியைக் கொல்லும், ருசியைத் தொடாது. அதைத்தான் பெரிய சிறப்பு என்று நினைத்து நான் வாங்கியிருந்தேன்.

"கம்பியும் கரண்டுமா அவருக்கு வகுப்பெடுத்தியே, இது உனக்குப் புரியலையா?"

"புரியுதும்மா. தொண்டைக்குத்தான் புரிய மாட்டேங்குது."

அதற்கப்புறம் வீட்டில் தினமும் இதே சண்டை. எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன், சீரகம் போட்டுக் கொடுத்தேன், திட்டிக் கொடுத்தேன். திட்டினால் இரண்டு மடக்கு உள்ளே போகும். உதடு வெடித்தது. சிறுநீர் அடர்த்தியாகப் போகிறது என்று அவளே வந்து சொன்னாள். படிக்க உட்கார்ந்தால் தலைவலி. நான் சரியான மெஷினை வாங்கியிருந்தேன், பெண் வாடிக்கொண்டிருந்தாள். இதை யாரிடம் சொல்லி ஆத்துவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டுச்சேரியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனோம். சாப்பிட உட்கார்ந்ததும் மகள் எதிரே இருந்த டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். "சாச்சி, இன்னொன்னு," என்று தங்கையிடம் நீட்டினாள். அதையும் குடித்தாள். நான் சோற்றில் கையை வைத்தபடி அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மெஷின்?" என்று தங்கையிடம் கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும்.

"ஆர்.ஓ.தான். ஏன்?"

"எப்படி இருக்கு?" என்று மகளைக் கேட்டேன்.

"ஒரு ருசியுமே இல்லம்மா. சூப்பரா இருக்கு."

நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சப்பென்று, வாயில் ஒன்றும் படாமல் இறங்கியது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் குடிக்கவேண்டியவள் நான் இல்லை.

மறுநாள் காலையில் யு.வி. மெஷினைக் கழற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னக்கா, உப்பு வந்துருச்சா?"

"உப்பு இல்லங்க. மாத்திக் குடுங்க."

"நான்தான் முதல்லயே…"

"மாத்திக் குடுங்கன்னேன்."

அந்த வாரமே ஆர்.ஓ. மாட்டியாகிவிட்டது. கிருமியை வடிகட்டுகிறதா என்று அதிலும் புட்டி வைத்துப் பார்த்தேன், கறுக்கவில்லை. கழிவுத் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் வாளி வைத்து, அந்தத் தண்ணீரை முற்றம் கழுவ எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வாளி தூக்கும்போதும் எரிச்சல் வருகிறது.

வெள்ளிக்கிழமை கணவர் வீடியோவில் வந்தார். சுவரில் இருந்த மெஷினைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல? உப்புத் தண்ணி ஊருன்னு?"

எங்கள் தண்ணீரில் உப்பில்லை என்பதிலிருந்து தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது மகள் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி சமையலறைக்குள் வந்தாள். யாரும் சொல்லாமலே டம்ளரை எடுத்து மெஷின் குழாயடியில் பிடித்தாள். நின்றபடியே மடமடவென்று குடித்தாள்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் அவர்.

"ஆமாங்க," என்றேன். "நீங்க சொன்னீங்க."