ஏகாம்பரத்தின் பாய்மரமும் நான் விட்ட கயிறும்

பெயிண்டர் அன்வர் ஓடி வந்தபோது நான் கடை வாசலில் உட்கார்ந்து சோடா பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். யார் ஓடி வந்தாலும் ஒரு வார்த்தை கிண்டல் செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "இன்னாபா அன்வர், உங்க மேஸ்திரி கப்பல் கவுந்துடுச்சா?" என்றேன். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். "மேஸ்திரி போயிட்டாருபா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராம். அவ்ளோதான்" என்றான். அந்தச் செய்திக்கும் என்னிடமிருந்து முதலில் கிடைத்தது ஒரு கிண்டல்தான்.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையும் என் சோடாக் கடையும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டறைக்காரர்கள் போடுகிற இந்த நினைவு மலருக்கு என்னையும் நாலு வரி எழுதச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் விஷயத்தைத் திருத்தாதீர்கள். இரங்கல் கூட்டத்தில் பேசினவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். "தனி ஆளாகப் பாய்மரம் தூக்கியவர், யாருடைய உதவியும் வேண்டாதவர்" என்றார்கள். முன் வரிசையில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏகாம்பரம் மேஸ்திரி இளவயதில் கடலூர்ப் பக்கம் பாய்மரத் தோணியில் வேலை பார்த்தவர். அப்பா இறந்ததும் ஊருக்குத் திரும்பி, பட்டறையில் தச்சு மேஸ்திரி ஆனார். கடலைத்தான் விட்டுவந்தார், காற்றை விடவில்லை. பலகையில் மிச்சம் விழுவதையெல்லாம் சேர்த்து, மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக ஒரு படகு கட்டினார். பதினாறு அடி. பழைய கார் அச்சில் இரண்டு சக்கரம் போட்டு அதற்கு ஒரு வண்டி. நான் சும்மா இருப்பேனா? "பாலாத்துல மணல்தான் ஓடுது மேஸ்திரி, இதுக்கு அடியில சக்கரம் வெச்சது நல்லதாப் போச்சி" என்றேன். அவர் இழைப்புளியை நிறுத்தாமல், "தண்ணி இல்லாத ஊர்ல படகு கட்டறவனுக்குப் பொறுமை தானா வந்துடும், முனுசாமி" என்றார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டியது. கூரம் கிராமத்துக்கு அப்பால் இருக்கிற ஏரி கரை தொட நிரம்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை படகை மாட்டு வண்டிக்குப் பின்னால் கட்டினோம். பாய்மரம் இருபது அடிச் சவுக்கு. நிமிர்த்தி வைத்தால் தெருவிலேயே கரண்டுக் கம்பியில் மாட்டும் என்று படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். தெருவில் நெசவுக்காரர்கள் தறிக்கு ஏற்றப் பட்டு நூலைப் பாவாக நீட்டியிருந்தார்கள். அவர்கள் பட்டைச் சுருட்டி வழிவிடும் வரை காத்திருந்ததில் தெருவில் பாதிப் பேர் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

ஏரிக்கரையில் மரத்தை நிமிர்த்த இரண்டு ஆள் வேண்டும். மரத்தின் அடியில் போல்ட்டு போட்டு, மடிந்து நிமிரும்படி செய்திருந்தார். ஒருவன் படகுக்குள் நின்று மரத்தைத் தோளில் தாங்கி மேலே தள்ளிக்கொண்டே வர வேண்டும். இன்னொருவன் படகுக்கு முன்னால் நின்று, மர உச்சியில் கட்டின கயிற்றை இழுக்க வேண்டும். கயிற்றுக்கு அவர் என்னைத்தான் கூப்பிட்டார். அத்தனை தச்சர்கள் நின்றார்கள், என்னைக் கூப்பிட்டார். "உன்னை நம்பித்தான் தூக்கறேன். ரெண்டு கையாலயும் புடி, பேச்சு குடுக்காத" என்றார்.

மரம் பாதி எழும்பியது. ஜனங்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு அது போதும். தேர் இழுக்கிற மாதிரி இடுப்பை வளைத்து, ஒரு கையை மேலே தூக்கி, "கோவிந்தா!" என்றேன். கூட்டமும் "கோவிந்தா!" என்றது. இன்னொரு தரம் கையைத் தூக்கினேன். ஈரக் கயிறு ஒற்றைக் கையில் நிற்கவில்லை. மரம் அவருடைய இடது தோளின் மேல் இறங்கியது.

கூட்டம் சிரித்தது. நான் ஆடியதில் இதுவும் ஒரு பாகம் என்று நினைத்துக்கொண்டது. அவர் மரத்துக்கு அடியில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்த பிறகும், "சாமிக்கு அசதி, தேர் நின்னுடுச்சி!" என்று நான் இன்னொன்று சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.

அன்வரும் மற்றவர்களும் தூக்கி உட்காரவைத்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "இன்னா ஆச்சி மேஸ்திரி?" என்று கேட்டார்கள். என்னை ஒரு தரம் பார்த்தார். "மரம் ஈரம்பா. என் கை வழுக்கிடுச்சி" என்றார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எப்போதும் மூடாத வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது.

எலும்பு கூடியது. கை கூடவில்லை. இடது கையைக் காதுக்கு மேல் அவரால் தூக்க முடியாமல் போயிற்று. லாரிக் கூரைக்குப் பலகை ஏற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்குப் பிறகு மேலே ஏறவே இல்லை. கீழே உட்கார்ந்து அளவு போட்டுக் கொடுத்தார். சட்டை போட்டுவிடவும் அவர் வீட்டம்மா வர வேண்டியிருந்தது.

அவர் தனியாகப் பாய்மரம் தூக்கக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். இரண்டு மூங்கிலை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களைப் படகின் இரண்டு ஓரத்திலும் ஊன்றி முன்பக்கம் நிறுத்தினார். படுத்திருக்கும் மரத்தை நேராக இழுத்தால் வராது. மூங்கில் உச்சி வழியாக இழுத்தால் மெல்லத் தலைதூக்கும். கயிறு ஒரு கிணற்று ராட்டினத்தைச் சுற்றி அவர் வலது கைக்கு வரும். மரம் சாயாதபடி பக்கத்துக்கு ஒரு கயிறு. ஒரு முழம் இழுப்பார், கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்துவார், மூச்சு விடுவார். பிறகு அடுத்த முழம். ஒற்றைக் கைக்காரன் செய்த யோசனை அது. நீங்கள் அதைப் பிடிவாதம் என்றீர்கள். நானும் கடையில் உட்கார்ந்து அப்படித்தான் சொன்னேன்.

சொன்னது அது மட்டுமா? ஏரிக்கரைக் கதையைப் பத்து வருஷம் சோடாவோடு சேர்த்து விற்றேன். என் கதையில் மேஸ்திரிதான் வழுக்குவார். நான் "கோவிந்தா" போடுவேன். அவரே சில நாள் பெஞ்சில் உட்கார்ந்து பன்னீர் சோடா குடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்து முடித்ததும் பாட்டிலை வலது கையால் வைத்துவிட்டு, "நல்லா சொல்றபா" என்று எழுந்துபோவார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு தரம் தனியாக ஏரிக்குப் போய் அவர் தூக்குவதைப் பார்த்தேன். மர உச்சியிலிருந்து இன்னொரு கயிறு படகுக்கு முன்னால் சும்மா தொங்கி, நுனி தரையில் கிடந்தது. "இது எதுக்கு மேஸ்திரி, வேலை இல்லாம கெடக்குது?" என்று கேட்டேன். ராட்டினத்தைப் பார்த்தபடியே, "யாராச்சும் வந்தா புடிக்கட்டும்னு" என்றார். கயிறு என் காலடியில்தான் கிடந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இங்க வந்தா கொக்குதான் வரும்" என்றேன். அவரும் சிரித்தார். அடுத்த முழத்தை இழுத்தார்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மகள் வசந்தா என்னைப் படகு நிற்கிற இடத்துக்குக் கூப்பிட்டனுப்பினாள். படகை ஏரியில் மீன் பிடிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடப் போகிறார்களாம். "நீங்க அப்பாவுக்குப் பக்கத்துல இருந்தவரு மாமா. எதுனா வேணும்னா எடுத்துக்குங்க" என்றாள். பிறகு, "அவருக்குத்தான் யாரும் வேண்டியிருக்கலை. ஒருத்தரையும் கிட்ட சேர்க்காம அந்தக் கட்டையைக் கட்டிக்கினு அழுதாரு" என்றாள். பெற்ற மகளே அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். அங்கேயே படகின் ஓரத்தில் உட்கார்ந்து, கயிறு யார் கையில் இருந்தது என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையைச் சிரிப்பு இல்லாமல் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. "இத்தினி வருஷம் அந்தக் கதையை எல்லாருக்கும் சொன்னீங்க இல்ல? இதையும் அதே மாதிரி எல்லாருக்கும் சொல்லுங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். ஏகாம்பரம் யாரும் வேண்டாம் என்ற மனிதர் இல்லை. ஒரு ஆளை நம்பிக் கூப்பிட்டார், அந்த ஆள் நான். அதற்குப் பிறகும் ஒரு கயிற்றைத் தரையில் போட்டுவைத்திருந்தார்.

அந்தச் சும்மா கிடந்த கயிற்றைத்தான் எடுத்துவந்தேன். கடையில் பாட்டில் பெட்டிக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் பழைய பழக்கத்தில், "அந்த ஏரிக்கரைக் கதையை எடுத்து வுடு, முனுசாமி" என்கிறார்கள். சொல்கிறேன். "கயிறு என் கையிலதான் இருந்துச்சி" என்று ஆரம்பிக்கிறேன். முதலில் சிரிக்கிறார்கள். நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போகிறேன், அவர்கள் சிரிப்பு நிற்கும் வரை.