பேசாமல் இருந்தால் சம்மதம்

எங்கள் ஊரில் மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்பது ஒரு சடங்கு. நிக்காஹ் அன்று வாப்பா உள்ளறைக்கு வருவார். சாட்சிகள் இரண்டு பேர் கதவோரம் நிற்பார்கள். பெண் கட்டிலில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பாள். "மகள், இன்னாருக்கு உன்ன நிக்காஹ் செஞ்சி குடுக்கப் போறன், சம்மதமா?" என்று அவர் கேட்பார். பெண் பேச மாட்டாள். பேசினால்தான் அதிசயம். அழுதால் வெட்கம் என்பார்கள், அழாவிட்டால் அடக்கம் என்பார்கள். பக்கத்தில் இருக்கும் மாமியோ சாச்சியோ "சம்மதமாம்" என்று அறிவித்ததும் பெண்கள் குரவை போடுவார்கள். வாப்பா வெளியே போய்ப் பதிவாளரின் முன்னால் கையெழுத்து வைப்பார். பெண்ணிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை.

என் நிக்காஹ்வும் இப்படித்தான் நடந்தது. எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்ததால் இதில் என்ன குறை என்று நான் யோசித்ததே இல்லை. தங்கையின் நிக்காஹ் நடந்தபோது நான் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து, கல்முனையில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நீதிமன்றம் போகத் தொடங்கியிருந்தேன். சம்மதம் கேட்கும் நேரத்தில் அவள் பக்கத்தில் நான்தான் இருந்தேன். அவள் கை என் கைக்குள் சில்லிட்டுக் கிடந்தது. வெளியே மாரி மழை அடித்துக்கொண்டிருந்தது, குளிர்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பேசவில்லை. குரவை கேட்டது.

வாப்பா ஒரே வளவுக்குள் எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு வீடு கட்டித் தந்திருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீட்டின் உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரில் இருக்கும். வெளியூர் சட்டத்தரணிகள் இதைக் கேட்டால் "உங்கள் பெண்களுக்கு என்ன குறை?" என்பார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு பெருமைப்பட்டிருக்கிறேன்.

தங்கை கணவருக்குப் பிரதான வீதியில் ஹார்ட்வெயார் கடை. கையைக் கட்டிக்கொண்டு மெதுவாகப் பேசுவார். பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்பார். என்னைக் கண்டால் "ராத்தா" என்று எழுந்து நிற்பார். வாப்பா மௌத்தான பிறகு உம்மா தங்கை வீட்டில் இருந்தார், இளைய மகளோடு இருப்பதுதானே வழக்கம். கொஞ்ச நாளில் உம்மா தன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "மருமகனுக்குச் சரிவரல்ல மகள்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் காது திறந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு தங்கை கணவருடைய மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பும். அந்தச் சத்தம் கேட்டதும் தங்கை வீட்டு டிவி நிற்கும். குழாய்த் தண்ணீர் நிற்கும். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நிற்கும். பிறகு எதுவுமே கேட்காது. எந்த வீட்டிலும் சண்டை என்றால் சத்தம் வரும். அந்த வீட்டில் சத்தம் வராததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்படி ஒரு பயத்தை நான் எந்த வழக்கிலும் அனுபவித்ததில்லை.

ஒரு நாள் அவள் அபாயாவின் கையை மடித்து மீன் கழுவும்போது முழங்கைக்கு மேலே கண்டேன். பழைய காயம், புதிய காயம், ஒன்றின் மேல் ஒன்று. முகத்தில் ஒன்றுமில்லை. முகத்தில் அடிக்காத ஆள் யோசித்து அடிக்கிற ஆள் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத் தந்த பாடம்.

"பாதுகாப்புக் கட்டளை எடுப்பம். நாளைக்கே எடுக்கலாம்," என்றேன். மற்றப் பெண்களுக்கு எத்தனையோ தரம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

"பொலிஸ் வேணா ராத்தா. கோடு கச்சேரி எண்டு போனா அவர் என்ன உசிரோட விடமாட்டார்." கழுவிய மீனையே திரும்பத் திரும்பக் கழுவினாள். "காதியார்ட்ட போறன். அது எங்கட ஆக்கள்தானே."

அப்படித்தான் அவள் பஸஹ் கேட்டாள், அதாவது மனைவி தன் பக்கத்திலிருந்து கேட்கும் விவாகரத்து. அதை முஸ்லிம்களின் திருமண வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் எவருக்காகவும் ஆஜராக முடியாது. ஊருக்கெல்லாம் வழக்குப் பேசுகிற நான் என் கூடப்பிறந்தவளுக்காக ஒரு வசனம் பேச முடியாது. சாட்சியாகப் போகலாம். சாட்சி, கூப்பிடும் வரைக்கும் வெளியே இருக்க வேண்டும்.

காதியார் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். நல்ல மனிதர், எனக்கு அவர் மீது இன்றும் குறை இல்லை. தன் வீட்டு முன்னறையில் மேசை போட்டு விசாரிப்பார். பக்கத்தில் ஜூரிமார் மூன்று பேர், எல்லோரும் வயதான ஆண்கள். முதல் தவணைக்கு நான் நீதிமன்றத்திலிருந்து நேரே போனேன். கோட்டைக் கழற்றி ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில் மடித்து வைத்தேன். திருடிய பொருளை ஒளிப்பது போல இருந்தது. விறாந்தையில் உம்மாவும் நானும் இருந்தோம். ஜன்னல் திறந்திருந்தது, திரைச்சேலைக்கு அந்தப் பக்கம் பேசுவது கேட்டது.

"புள்ள, உங்களுக்கு என்ன பிரச்சின? பயப்படாமச் சொல்லுங்க," என்றார் காதியார்.

அவள் பேசவில்லை. வயதான ஆண்களுக்கு முன்னால் கட்டினவரைப் பற்றி வாய் திறக்க எங்கள் வீட்டில் எவரும் அவளைப் பழக்கவில்லை. காதியார் மறுபடியும் கேட்டார். அப்போதும் சத்தமில்லை. ஜூரிமாரில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "புள்ளைக்கு வெக்கம். புருசனோட சேந்து இரிக்க விருப்பந்தான் போல. இல்லாட்டி சொல்லுமே," என்றார். அவரிடம் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. தன் மகள்மாரின் நிக்காஹ்விலும் அவர் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருப்பார். தங்கை கணவர் மெதுவாக, "நான் எப்பயும் தயார்தான்," என்றார்.

அடுத்த தவணை வரை சேர்ந்து இருந்து பார்க்கச் சொன்னார்கள். எங்களைக் கூப்பிடவே இல்லை.

வேறு ஊர் என்றால் புருசன் வீட்டிலிருந்து தப்பி வந்த பெண் தாய் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எங்கள் ஊரில் அவள் இருப்பதே வாப்பா தந்த வீட்டில். வழக்குப் போட்டதும் தன் தாய் வீட்டுக்குப் போயிருந்த அவர்தான் திரும்பி வர வேண்டும். அன்று பின்னேரமே பேக்கோடு வந்தார். கேற்றைத் திறந்து விட்டவள் அவள்தான்.

அந்த நாட்களில் அசர் பாங்கு சொன்னால் கை வேலையில் நிற்காது. நான் வழக்குக் கட்டோடு மதிலோரம் கதிரை போட்டு இருப்பேன், ஒரு வரியும் வாசிக்க மாட்டேன். உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, "சபுர் செய்யட்டும், பொறுக்கட்டும், ஆம்பிளதானே, மாறுவார்," என்பார். சொல்லிவிட்டு மதிலைப் பார்ப்பார். அவருக்கும் நம்பிக்கை இல்லை.

ஒரு நாள் மதிலுக்கு அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய அந்த மெதுவான குரல்.

"இரி. நான்தான் காதியார். சொல்லு, உனக்கு என்ன பிரச்சின?"

அவள் பேசவில்லை.

"நல்லா யோசிச்சிச் சொல்லு. நான் உனக்கு அடிச்சனா?"

சத்தமில்லை.

"அப்படித்தான். அங்கயும் இப்படியே இரி."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கதிரை இழுபட்டது. ஒவ்வொரு நாளும் அதே கேள்விகள். பாய்ந்து போய் அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது, அந்த அளவுக்குக் கோபம். ஆனால் நான் பாய்ந்தால் அதற்குரிய அடி என் மேல் விழாது, கதிரையில் இருப்பவள் மேல்தான் விழும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டாவது தவணைக்கு முதல் நாள் அவர் கடையில் இருந்த நேரம் பார்த்து மதிலடிக்கு வந்தாள். "ராத்தா, என்ன சொல்ற எண்டு சொல்லித் தாங்க."

எனக்கு நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. எந்தச் சொல்லை முதலில் வைப்பது, எதை விடுவது, எல்லாம் தெரியும். ஆனால் நான் சொல்லிக் கொடுத்த ஒரு சொல் அவள் வாயில் வந்தாலும், லோயர் ராத்தா பாடமாக்கிக் கொடுத்தது என்று அவர் சொல்லுவார். அதோடு எல்லாம் போய்விடும்.

"நான் சொல்லித் தரக் கூடாதுகா. பேசாம மட்டும் இராத," என்றேன்.

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். அவள் பேச மாட்டாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இந்த முறையும் பேசாவிட்டால் வழக்கு முடிந்தது, அவர் அந்த வீட்டில் நிரந்தரம். அடுத்து அவளை எங்கே, என்ன கோலத்தில் பார்ப்பேன் என்றுதான் விடியும் வரை நினைத்தேன்.

அதே விறாந்தை. அதே ஜன்னல். வீதியில் காரைதீவுப் பக்கம் போகும் பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது, அதையும் நான் சபித்தேன். உள்ளே காதியார் கேட்டார். சத்தமில்லை. திரும்பக் கேட்டார். சத்தமில்லை. உம்மா என் கையைப் பிடித்தார்.

"பேசாம இரிக்கிறா. சம்மதந்தானே," என்றார் அதே ஜூரி. "அப்படியே எழுதிருவம்."

"எழுதாதீங்க."

முதலில் அது அவள் குரல் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

"நான் பேசாம இரிந்தத ஓம் எண்டு எழுதாதீங்க. நிக்காஹ் அண்டைக்கும் பயத்துலதான் பேசாம இரிந்தன். போன தவணைக்கும் பயத்துலதான். இப்பயும் பயமாத்தான் இரிக்கி. ஆனா எனக்கு இவர் வேணா."

பிறகு தங்கை கணவர் சிரித்தார். "வெளிய இரிக்கிற லோயர் ராத்தா நல்லாப் பாடமாக்கிக் குடுத்திருக்கா."

"ராத்தா ஒண்டும் சொல்லித் தரல்ல. கேட்டன், மாட்டன் எண்டுட்டா. நீங்கதான் ஒவ்வொரு நாளும் கதிரையில இரித்தி வெச்சிக் கேட்டீங்க, அடிச்சனா, அடிச்சனா எண்டு. அங்க சொல்ல ஏலாத பதிலெல்லாம் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமாகிட்டு."

பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். எங்கே, எதனால், எப்படி. எனக்குத் தெரியாதவையும் இருந்தன. உம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதார். காதியார் ஒரு முறையும் குறுக்கிடவில்லை. அவள் முடித்த பிறகுதான், "சாட்சிமார வரச் சொல்லுங்க," என்றார்.

விசாரணை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போது, "ராத்தா, நான் மரியாத இல்லாமக் கதைச்சிட்டனா?" என்று கேட்டாள். அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தேன். பஸஹ் கிடைத்தது. அவர் பேக்கை எடுத்துக்கொண்டு போனார். அசர் நேரத்தில் ஒழுங்கைக்குள் எவருடைய மோட்டார் சைக்கிள் வந்தாலும் அவள் இன்னும் டிவியை நிறுத்துகிறாள்.

இப்போது சட்டத்தை மாற்றுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. மணப்பெண்ணும் கையெழுத்து வைக்க வேண்டுமாம், பெண்களும் காதியாக வரலாமாம். கூட்டங்களில் என்னையும் பேசக் கூப்பிடுவார்கள். நானும் மேசையில் தட்டிப் பேசுவேன்.

போன வருடம் என் மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசி முடித்தவள் நான்தான். பந்தலில் பல பேர் ஒரே தட்டில் உண்ணும் சகன் சாப்பாட்டுக்கு ஊரே வந்து குந்தியிருந்தது. என் கணவர் உள்ளறைக்கு வந்து மகளிடம் சம்மதம் கேட்டார். அவள் தலையைக் குனிந்திருந்தாள். பேசவில்லை. மாமி ஒருத்தி "சம்மதமாம்" என்று வாயெடுத்தார், குரவைக்கும் ஒருத்தி தயாராகிவிட்டாள்.

"பொறுங்க," என்றாள் மூலையில் நின்ற என் தங்கை. "புள்ள வாயத் தொறந்து சொல்லட்டும்."

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். அவள் மெதுவாக நிமிர்ந்து தன் சாச்சியைப் பார்த்தாள். வெளியே பந்தல், ஊர், மாப்பிள்ளையின் ஆட்கள். இவள் என்ன சொல்லிவிடுவாளோ. யா அல்லாஹ், இவள் பேசாமலே இருந்துவிட வேண்டும் என்று அந்த நேரத்தில் நான் துஆக் கேட்டேன்.

"ஓம்," என்றாள் மகள். "எனக்குச் சம்மதம்."

குரவை கிளம்பியது. தங்கை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.